தண்டனைக்கும் ஓர் அளவுண்டு

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் தெரு நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பொகவந்தலாவையை நோக்கியும் மற்றொரு கிளை மஸ்கெலியாவை நோக்கியும் செல்கின்றன. சுற்றிலும் எங்கு நோக்கினும் தேயிலை மலைகள். அவற்றின் மடிப்புகளில் வரிசை வரிசையாக லயன்கள். ஒரு காம்பராவில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் உறங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும். ஒரே சுவருக்கு இருபுறமும் பகையை வைத்துக்கொண்டு வாழ்வது எளிதன்று. இத்துணை நெருக்கத்தில் வாழும் மக்களிடையே ஒருவன் தவறு செய்துவிட்டால் அவனை என்ன செய்வது? தண்டிப்பதா, மன்னிப்பதா? தண்டிப்பதாயின் எவ்வளவு? இக்கேள்வியை இந்த ஞாயிறன்று நம் வாசகர்களோடு அமர்ந்து ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டுவருவோம். இது கதைதான், ஆயினும் மலைநாட்டில் வாழ்ந்தவர்களுக்குப் புதுக்கதை அன்று.

மழை விடாமல் தூறும் காலை நேரம். பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடி நிற்கிறார்கள். முதல் நாள் கொழுந்து நிறை குறைந்துவிட்டதென்று ஒரு தாய்க்கு அரைப் பேர் போட்டுவிட்டார் கணக்கப்பிள்ளை. மலையேறி இறங்கி முழங்கால் தேய்ந்த அந்தத் தாய்க்காக இருபது வயது மகன் நியாயம் கேட்க முன்வருகிறான். கேள்வி வாக்குவாதமாகிறது, வாக்குவாதம் வசையாகிறது. இளைஞன் கணக்கப்பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிடுகிறான். செக்ரோல் புத்தகம் சேற்றில் விழுகிறது. அதன் பின்னே அவரும் விழுகிறார்.

இளைஞன் செய்தது தவறு. அதில் ஐயமில்லை. தாய்ப்பாசம் அத்தவறுக்குக் காரணமாகலாம்; நியாயமாகாது. கணக்கப்பிள்ளையும் ஒரு குடும்பத்தின் தலைவர். நூறு பேர் பார்த்திருக்கச் சேற்றில் விழுந்து எழுந்தவர். "ஐயா, பையன் ஆத்திரத்தில் செய்துவிட்டான், மன்னித்துவிடுங்கள்" என்று தாய் கும்பிடுகிறாள். "இவனை இப்படியே விட்டால் நாளைக்கு எல்லாரும் கை ஓங்குவார்கள்" என்கிறது மற்றொரு குரல். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. நாம் எந்தப் பக்கம் சாய்வது?

அதற்கு விடை காணுமுன் இதே இளைஞனை வெவ்வேறு காலங்களில் நிறுத்திப் பார்ப்போம். ஒரே குற்றத்துக்குக் காலந்தோறும் கிடைத்த தண்டனைகள் நமக்குப் பலவற்றைக் கற்பிக்கும்.

சிறைக்கதவு திறந்திருந்த காலம்

1865 ஆம் ஆண்டில் இலங்கையில் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் நிறைவேறியது. அக்காலத்தில் கணக்கப்பிள்ளையைத் தள்ளிவிடவே வேண்டியதில்லை. எதிர்த்துப் பேசினாலே போதும். தகுந்த காரணமின்றி வேலைக்கு வராதிருத்தல், குடித்திருத்தல், சொற்கேளாமை, மரியாதைக் குறைவு, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டுப் போதல் ஆகிய அனைத்தும் அச்சட்டத்தின்படி நீதிமன்றம் தண்டிக்கும் குற்றங்கள். மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கவும் சட்டம் இடங்கொடுத்தது.

எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் ஒருவர் வாக்களித்த நாளில் சாமானைக் கொடுக்காவிட்டால் அவர்மீது வழக்குத் தொடுத்து நட்டஈடு கேட்பார்கள், சிறைக்கு அனுப்பமாட்டார்கள். தொழிலாளி வாக்களித்த நாளில் வேலைக்கு வராவிட்டால் மட்டும் சிறை. இரண்டும் வாக்குத் தவறுதலே. ஆனால் ஒன்றை நிறுத்த ஒரு தராசு. மற்றொன்றை நிறுத்த வேறொரு தராசு.

இதனோடு துண்டு முறையும் சேர்ந்திருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அந்தச் சீட்டில்லாதவனை வேறு தோட்டத்தில் எடுக்கமாட்டார்கள். கடனோ பெரும்பாலும் கங்காணியின் கணக்கில் வளர்ந்த கடன். எனவே முரட்டுக் கங்காணியிடமிருந்து விலகவும் வழியில்லை. விலகாமல் ஓடினால் சிறை. சேர். பொன். அருணாசலம் போன்ற பெருமக்கள் இக்கொடுமைக்கு எதிராக இடைவிடாது வாதாடினார்கள். 1919 இல் அவர் தொழிலாளர் நலனுக்கென்றே ஒரு சங்கத்தை நிறுவினார். 1921 ஆம் ஆண்டின் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. தொழில் ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறையிடும் வழக்கமும் 1920களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது.

பத்துச்சீட்டு

சிறைக்கதவு மூடியது, ஆனால் வேறொரு கதவு திறந்தது. அது லயக்காம்பராவின் கதவு, வெளிப்புறமாக.

பட்டணத்தில் ஒருவன் வேலையை இழந்தால் மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பலாம். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. பத்துச்சீட்டு கொடுக்கப்பட்டவன் பேர் இழப்பதோடு காம்பராவையும் இழப்பான். வயதான தாய், கொழுந்து பறிக்கும் மனைவி, பிள்ளைக்காம்பராவில் தொட்டிலிலே கிடக்கும் குழந்தை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படிக்கும் சிறுமி ஆகிய அனைவரும் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வரவேண்டும். கணவனின் வேலை நீக்கம் மனைவியின் வேலையையும் தொடர்ந்து பற்றிக்கொள்வது தோட்டங்களின் பழைய நடைமுறை. குடும்பம் பிரியக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நல்ல எண்ணந்தான்; ஆனால் பிரியாத குடும்பம் ஒன்றாகப் பட்டினி கிடந்தது.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபின் நிலைமை மேலும் கடினமாயிற்று. மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லாதவர்களாயினர். தோட்டத்தைவிட்டு வெளியேறு என்றால் எங்கே போவது? பிறந்த நாடு தன்னவன் என்று சொல்லாது. பாட்டன் பிறந்த நாடோ கண்ணால் கண்டறியாத நாடு.

இக்காலத்தில் எழுந்த ஒரு வழக்கை நம் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். வேலைநீக்க அறிவித்தல் பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி காம்பராவைவிட்டுப் போக மறுத்தான். அத்துமீறி நுழைந்து தங்கிய குற்றவாளி என்று அவன்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. இலங்கை நீதிமன்றங்களில் அவன் குற்றவாளியாகவே காணப்பட்டான். வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950 ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஒருவன் உண்மையாகவே தனக்கு உரிமையுண்டு என்று நம்பி ஓரிடத்தில் தங்கினால், அந்நம்பிக்கை சட்டப்படி பிழையானதாகவே இருந்தாலும், அதனால் நிலத்துக்கு உரியவருக்குத் தொல்லை நேரும் என்று அவன் அறிந்திருந்தாலும், அது மாத்திரம் குற்றமாகாது. தொல்லை கொடுப்பதே அவனுடைய முதன்மையான நோக்கம் என்று நிரூபிக்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். தன் வீட்டைவிட்டுப் போகாதிருப்பதே இத்தொழிலாளியின் நோக்கம். எனவே அவன் விடுவிக்கப்பட்டான்.

இத்தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். காம்பரா அவனுக்கே சொந்தம் என்று அது சொல்லவில்லை. தோட்டத்தார் உரிமை கோரி வழக்காடும் வழி திறந்தே இருந்தது. வீட்டுக்காக நடக்கும் தகராற்றைச் சிறைக்குரிய குற்றமாக்காதீர்கள் என்பதே அதன் பொருள். சிறிய பிழையைப் பெரிய பெயரிட்டு அழைத்தால் தண்டனையும் பெரிதாகிவிடும். அளவு தவறுவது பெரும்பாலும் பெயரிடும்போதே தொடங்குகிறது.

நியாயமும் ஒப்புரவும்

1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்துக்கு 1957 இல் 62 ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. அதன்வழித் தொழில் நியாய சபைகள் தோன்றின. வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் தானாகவோ, தன் சங்கத்தின் மூலமாகவோ அங்கே முறையிடலாம். இன்றைய விதிப்படி நீக்கப்பட்டு 6 மாதத்துக்குள் முறையிடவேண்டும் என்பதைத் தோட்டத்து இளைஞர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. அச்சபைக்குச் சட்டம் இட்ட கட்டளை இரண்டே சொற்களில் அடங்கும்: நியாயமாகவும் ஒப்புரவாகவும் தோன்றும் தீர்ப்பைக் கொடு. வேலை ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும் நிவாரணம் வழங்கலாம். மீண்டும் வேலையில் அமர்த்தலாம். அல்லது நட்டஈடு கொடுக்கச் செய்யலாம்.

நம் கதையின் இளைஞன் அங்கே நின்றால் என்ன நடக்கும்? "நீ தள்ளினாயா?" என்ற ஒரு கேள்வியோடு விசாரணை முடிந்துவிடாது. முறையான குற்றப்பத்திரம் கொடுத்தார்களா? பதில் சொல்ல இடங்கொடுத்தார்களா? எத்தனை வருடம் வேலை செய்தவன்? முன்பு இப்படி நடந்ததுண்டா? எதனால் ஆத்திரமடைந்தான்? அடிபட்டவருக்கு நேர்ந்தது என்ன? இவையெல்லாம் தராசில் ஏறும். முடிவு அவனுக்குச் சாதகமாகத்தான் வரும் என்றும் சொல்வதற்கில்லை. மேலதிகாரிமீது கைவைப்பது எந்தத் தொழிலிலும் பெருங்குற்றம். நீக்கியது சரியே என்று சபை சொல்லவுங்கூடும். ஆயினும் நிறுத்துப் பார்த்தபின் சொல்லப்படும் கடுமைக்கும் நிறுத்துப் பாராமல் வீசப்படும் கடுமைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னதைத் தண்டனை என்போம், பின்னது பழிவாங்குதல்.

கடுமையால் ஒழுங்கு வளருமா?

"இதெல்லாம் சரி, பயம் இல்லாவிட்டால் ஒழுங்கு இருக்குமா?" என்று சில வாசகர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. உலகம் இதற்கு அனுபவத்தால் விடை கண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சட்டைப்பையில் கைவிட்டுத் திருடியவனுக்கும் தூக்குத்தண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. அதனால் திருட்டு ஒழிந்ததா? இல்லை. ஒரு கைக்குட்டைக்காக ஓர் உயிரைப் போக்க மனம் வராத யூரிமார், கண்முன் சாட்சி இருந்தும் குற்றவாளி அல்லன் என்று சொல்லத் தலைப்பட்டார்கள். திருடன் தப்பினான். சேர் சாமுவேல் ரொமிலி என்பார் வாதாடி 1808 இல் அச்சட்டத்தை நீக்கச் செய்தார். இத்தாலி தேசத்துப் பெக்காரியா என்ற அறிஞர் 1764 இலேயே குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு நூல் எழுதி, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே என்று வாதித்திருந்தார்.

நம் வள்ளுவர் இதை அவர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தார். வெருவந்த செய்யாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தக்கபடி ஆராய்ந்து, குற்றம் மறுபடி நிகழாதவாறு, குற்றத்துக்கு ஒத்த அளவில் தண்டிப்பவனே அரசன் என்பது அதன் தொடக்கக் குறளின் கருத்து. அடுத்த குறளில், ஓங்கும்போது கடுமையாக ஓங்கி விழும்போது மென்மையாக விழச்செய் என்கிறார். ஓங்காமலே விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. ஓங்கிய வேகத்திலேயே அடி என்றும் சொல்லவில்லை.

வீட்டில் நடக்கும் நீதிமன்றம்

நீதிமன்றம் அட்டனில் மட்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரையிலும் இருக்கிறது. பிள்ளை பொய் சொன்னான், சில்லறையை எடுத்துவிட்டான், அண்ணன் தம்பியை அடித்துவிட்டான். அங்கே நீதிபதிகள் நாமேதாம். விறகுக்கட்டையை எடுக்கும் தகப்பன் பிள்ளைக்கு நேர்மையைக் கற்பிக்கவில்லை. அடுத்த முறை அகப்படாமல் எடுக்கும் வித்தையைக் கற்பிக்கிறான்.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து நம் மலைநாட்டையும் கண்டு சென்ற காந்தியடிகள் தம் சுயசரிதையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பதினைந்து வயதளவில், அண்ணனுக்கு ஏற்பட்ட கடனைத் தீர்க்க, அந்த அண்ணனின் பொற்காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மனம் உறுத்தியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதி, நோயுற்றுக் கிடந்த தந்தையிடம் நீட்டினார். தகுந்த தண்டனை கொடுக்கும்படியும், இனித் திருடுவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். தந்தை படித்தார், கண்ணீர் வழிந்து கடிதம் நனைந்தது, பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்தக் கண்ணீர் தம்மைக் கழுவியது என்று மகன் ஆயுள் முழுவதும் நினைத்திருந்தார்.

இக்கதையைச் சொல்லி, "ஆகவே எல்லாரையும் மன்னித்துவிடுங்கள்" என்று முடித்துவிடுவது சுலபம். நாம் அவ்வாறு முடிக்கமாட்டோம். கடிதம் முதலில் வந்தது. மன்னிப்பு பிறகு வந்தது. குற்றம் மறைக்கப்படவில்லை, தண்டனை கேட்டு வாங்கப்பட்டது, இனிச் செய்யேன் என்ற உறுதி கொடுக்கப்பட்டது. இத்தனையும் இருந்ததால் தந்தையின் மன்னிப்புப் பயிருக்குப் பெய்த மழையாயிற்று. இவை ஒன்றும் இல்லாத இடத்தில் கொடுக்கும் மன்னிப்புப் பாறைமேல் பெய்த மழையாகும்.

மற்றொன்றும் உண்டு. மன்னிக்கும் உரிமை துன்பப்பட்டவருக்கே உரியது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவனை, "போனால் போகிறது, மன்னித்துவிடு தாயே" என்று அயலார் கூடி அவளிடம் வற்புறுத்துவது மன்னிப்பு அன்று, இரண்டாவது அடி. அவள் அச்சமின்றி வாழ வழிசெய்தபின்தான் மன்னிப்பைப் பற்றிப் பேச நமக்கு வாய் உண்டு.

இளைஞனுக்கு நம் தீர்ப்பு

இனிப் பிரட்டுக்களத்துக்குத் திரும்புவோம். நம்மிடம் தீர்ப்புக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

எந்தக் களத்தில் தள்ளினானோ அந்தக் களத்திலேயே, அத்தனை பேர் முன்னிலையிலும், அவன் கணக்கப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். பலர் காண இழந்த மரியாதையைப் பலர் காணவே திருப்பிக் கொடுக்கவேண்டும். சில நாள் பேர் இழக்கட்டும். எச்சரிக்கை எழுத்தில் பதியட்டும். ஆனால் தாயின் வேலையிலும், காம்பராவின் கதவிலும், தங்கையின் பள்ளிக்கூடத்திலும் அத்தண்டனையின் நிழல்கூட விழக்கூடாது. அவர்கள் யாரையும் தள்ளவில்லை.

அத்தோடு அந்தக் கொழுந்து நிறையையும் மறுபடி பார்க்கவேண்டும். நிறுத்தது பிழையானால் அரைப் பேரை முழுப் பேராகத் திருத்துவது கணக்கப்பிள்ளையின் கடன். ஒருவனுடைய தவறு மற்றவருடைய தவறுக்குப் போர்வை ஆகலாகாது.

இறுதியாக, தண்டனை முடிந்த நாளில் அது முடிந்ததாகவே இருக்கட்டும். பத்து வருடம் கழித்து, அவன் மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது, "அன்றைக்குக் களத்தில் கைநீட்டியவன்தானே" என்று பழைய செக்ரோலைப் புரட்டுவோர் நம்மிடையே உண்டு. நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்கு நாள் கணக்கு இருக்கிறது. அயலார் நாவு கொடுக்கும் தண்டனைக்கு முடிவே இல்லை. மன்னிப்பு என்பது கணக்கைத் தீர்த்து, கோடு போட்டு, ஏட்டை மூடிவைப்பது. லயத்துச் சுவர்களுக்கிடையே வாழும் மக்களுக்கு இது தருமம் மட்டும் அன்று; வாழும் வழியுங்கூட.

மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறார்கள். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். ரதி அழுகிறாள். அவள் யார் தவத்தையும் கலைக்கவில்லை. ஆயினும் தாலியை இழந்து நிற்பவள் அவளே. பனி கொட்டும் இரவில், தப்பொலி அடங்கிய வேளையில், ரதியின் ஒப்பாரி எழும்போது சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருவன் பெற்ற தண்டனையால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்த கதை அவர்களுடைய பாட்டிமாரின் கதையுமாகும்.

சிவன் மனமிரங்குகிறார். மன்மதனை உயிர்ப்பிக்கிறார், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் உருவத்தோடு தோன்றுவான், மற்றவர்க்கு உருவமற்றவனாகவே இருப்பான் என்று வரையறுக்கிறார். செய்ததற்குரிய விளைவு நீங்கவில்லை. குற்றமற்றவளின் வாழ்வு மட்டும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. அடுத்த மாசியில் காமன் பொட்டலில் நின்று கூத்துப் பார்க்கும்போது நம் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.